சுருதி ஏறிய இடம்

1

இது கதையாகத் தொடங்கவில்லை. வேலூரிலிருந்து வரும் ஒரு சின்ன அறிவியல் மாத இதழ் என்னிடம் கட்டுரை கேட்டது. மண்ணுக்குள் புதைந்திருக்கும் உலோகத்தை மெட்டல் டிடெக்டர் எப்படிக் கண்டுபிடிக்கிறது, இன்ன உலோகம் என்று எப்படிப் பிரித்தறிகிறது, மூன்று பக்கத்துக்குள் எழுதுங்கள் என்றார்கள். கண்ணமங்கலத்தில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருப்பவன் நான். ஒரு காலத்தில் அப்படியொரு கருவியைச் செய்து வைத்திருந்தேன் என்று யாரோ அவர்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

இரண்டு பத்திகள் ஒழுங்காக வந்தன. மூன்றாவது பத்தியில் 'எடுத்துக்காட்டாக' என்று எழுதினேன். பேனா நின்றுவிட்டது. சொல்வதற்கு என்னிடம் ஒரே ஒரு எடுத்துக்காட்டுதான் இருந்தது. அதை யாரிடமும் சொல்லாமல் ஒன்பது வருடம் ஓட்டியிருக்கிறேன்.

இதழுக்குக் கட்டுரை போகவில்லை. இதுதான் வந்தது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசிப் பக்கத்தில் வைத்து உங்களைத் திடுக்கிட வைக்கும் உத்தேசம் எனக்கில்லை. இதில் பாண்டுரங்கன் என்று வருகிறவன் நான்தான். 'நான்' என்றே எழுதிப் பார்த்தேன். வாக்கியத்துக்கு வாக்கியம் அந்த 'நான்' தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வழி தேடியது. 'அவன்' என்று எழுதினால் கொஞ்சம் தள்ளி நிறுத்திப் பார்க்க முடிகிறது. ஊர்ப் பெயரை எழுதப்போவதில்லை. ஜவ்வாது மலையில் பன்னிரண்டு வீடுகள் கொண்ட ஓர் ஊர். அது போதும்.

2

தொடக்கங்கள்:

'ஜவ்வாது மலை மேல் மேகம் இறங்கிக்கொண்டிருந்த ஒரு காலைப்—'

அடித்துவிட்டேன். மேகமே இல்லை. மாசி மாதம். காலை எட்டு மணிக்கே பாறை சுட்டது.

'அம்மாக்கண்ணு திருடினாளா இல்லையா என்பது அன்று ஊரில் யாருக்கும்—'

இதையும் அடித்தேன். அவள் திருடவில்லை. இப்படித் தொடங்கினால் கதையின் சுவாரசியத்துக்காக நீங்கள் இரண்டு பக்கமாவது அவளைச் சந்தேகப்படுவீர்கள். அவளை ஒருமுறை சந்தேகத்துக்கு விட்டுக்கொடுத்தது போதும்.

'பாண்டுரங்கன் அடிப்படையில் நல்லவன்.'

இந்த வாக்கியம் இரண்டு நாள் தாளில் இருந்தது. மூன்றாம் நாள் காலை தாளையே கிழித்தேன்.

3

பாண்டுரங்கனுக்கு அப்போது இருபத்தெட்டு வயது. ஒரு பழைய ஆங்கிலப் பத்திரிகையில் வந்த சர்க்யூட் படத்தை வைத்துக்கொண்டு அவனே அந்தக் கருவியைச் செய்திருந்தான். ஒரு மூங்கில் கழி. அதன் நுனியில் ஒன்றரைச் சாண் அகலத்துக்கு வட்டமாகச் சுற்றிய செம்புக் கம்பி. நடுவில் ஒரு சோப்பு டப்பா. அதற்குள் ஒற்றை டிரான்சிஸ்டர், வெளியே ஒரு குமிழ். கைப்பிடிக்குப் பக்கத்தில் கயிறு போட்டுக் கட்டிய சாதாரண மீடியம் வேவ் ரேடியோ.

சுருளுக்குள் மின்சாரம் விநாடிக்கு லட்சக்கணக்கான தடவை முன்னும் பின்னும் ஓடும். அதிலிருந்து கிளம்பும் அலையும், சென்னை வானொலி நிலையத்தின் அலையும் ரேடியோவுக்குள் வந்து கலக்கும். இரண்டும் ஏறக்குறைய சமமாக இருந்தால், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும் ஒரு சீழ்க்கையாகக் கேட்கும். சுருளுக்குக் கீழே செம்போ பித்தளையோ வெள்ளியோ பொன்னோ வந்தால், அதற்குள் சுழல் மின்னோட்டம் பிறந்து சுருளின் காந்தப்புலத்தை எதிர்த்துத் தள்ளும். சீழ்க்கையின் சுருதி ஏறும். இரும்பு வந்தால் காந்தப்புலத்தை அது தனக்குள் இழுத்துக்கொள்ளும். சுருதி இறங்கும்.*

ஏறினால் விலை உள்ளது. இறங்கினால் இரும்பு. கடைக்கு வருகிறவர்களிடம் அவன் இவ்வளவுதான் சொல்வான். கணியம்பாடிக்குப் பக்கத்தில் கடலைக் கொல்லையில் ஒரு பெண் தொலைத்த தாலியை அரை மணி நேரத்தில் எடுத்துக் கொடுத்தான். அதிலிருந்து அவன் பெயர் சுற்றுப்பட்டு ஊர்களில் பரவிற்று. டீக்கடையில் அவனுக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்கள். அது அவனுக்குப் பிடித்திருந்தது. (மிகவும் பிடித்திருந்தது.)

* பித்தளையையும் வெள்ளியையும் அந்தக் கருவி பிரிக்காது, இரண்டுக்கும் ஏறும். எவ்வளவு ஏறுகிறது என்பது உலோகத்தை மட்டும் பொறுத்ததில்லை. பொருளின் அளவு, ஆழம், படுத்திருக்கிறதா நின்றிருக்கிறதா, எல்லாம் சேர்ந்துதான் அந்த ஒரு சத்தம். பாண்டுரங்கன் இதை யாரிடமும் சொன்னதில்லை.

4

மலையிலிருந்து ரங்கசாமி என்பவர் கடைக்கு வந்தார். அந்த ஊரின் தலைவர்; ஊர்க்கவுண்டர் என்பார்கள். ஐம்பது வயது இருக்கும். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"பொதச்சத கண்டுபுடிக்கிற ரேடியோ நீங்கதான வச்சினு இருக்கீங்க?"

"ஆமாங்க. இன்னா காணோம்?"

"எங்க அம்மனோட மொகம். வெள்ளி. திருநாளுக்கு சாத்தலாம்னு பெட்டியத் தொறந்தா இல்ல. வெளி ஆளு வந்து எடுத்திருக்க மாட்டான். ஊருக்குள்ளதான் எங்கியோ பொதச்சு வச்சிக்கீது. ஒருத்தர ஒருத்தர் மூஞ்சி பாத்து பேசி இருவது நாளாவுது."

இந்த ரங்கசாமியைக் கெட்டவராக எழுதிவிட்டால் எனக்குச் சுலபம். மீசையைப் பெரிதாக்கலாம். குரலில் அதட்டல் வைக்கலாம். ஆனால் மனிதர் நல்லவர். "ஒரு வூட்ட மட்டும் பாத்தா தப்பா பூடும். பன்னெண்டு வூட்டு கொல்லையும் பாக்கணும். மொதல்ல என்னுது" என்று அவரே சொன்னார். ஒடுகத்தூரிலிருந்து மேலே நடக்கும்போது, கருவி இருந்த சாக்குமூட்டையைத் தானே தூக்கிக்கொண்டார்.

5

மறுநாள் காலை பாண்டுரங்கன் ஊருக்குக் கீழே ஓடையில் முகம் கழுவிக்கொண்டிருந்தான். குடத்தோடு ஒரு பெண் வந்தாள். இருபத்தைந்து வயது இருக்கலாம். குடத்தை நிரப்பாமல் நின்றாள்.

"அண்ணா, அந்த மிஷினு மண்ணுக்குள்ள கீற எல்லாத்தையும் காட்டுமா?"

"வெள்ளி, தங்கம், செம்பு... எல்லாம் காட்டும்மா."

"பித்தள?"

"அதுவும் காட்டும். ஏன்?"

அவள் மேலே ஊர்ப்பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குடத்தைக் கீழே வைத்தாள்.

அவள் பெயர் அம்மாக்கண்ணு. புருஷன் தீர்த்தகிரி குடகுக் காப்பித் தோட்டத்தில் வேலைக்குப் போயிருக்கிறான். அவளுக்கு இரண்டு குழந்தைகள் பிறந்து இரண்டும் தங்கவில்லை. பால் குடிக்கும் குழந்தை செத்தால் ஓடைக்கரையில்தான் புதைக்க வேண்டும், ஊருக்குள் கூடாது என்பது அந்த ஊரின் கட்டுப்பாடு. முதல் குழந்தையை அங்கேதான் புதைத்தார்கள். மூன்றாம் நாள் போய்ப் பார்த்தபோது நரி தோண்டியிருந்தது.

"ரெண்டாவத நான் குடுக்கல அண்ணா. ஓடையில வெறும் துணிய பொதச்சிட்டு, புள்ளைய வூட்டுக்குப் பின்னால முருங்கமரத்துக்கிட்ட வச்சிட்டேன். எனக்கும் அவருக்கும் மட்டுந்தான் தெரியும். மண்ணு தள்றப்போ மூஞ்சி மேல வுயுமேன்னு தாங்கல. எங்கம்மா வூட்டு பித்தள தட்ட மூஞ்சிக்கு மேல கவுத்து வச்சேன்."

பாண்டுரங்கன் துண்டை முகத்திலிருந்து எடுக்காமல் நின்றான்.

"அந்த எடத்துல மட்டும் வைக்காதீங்க. ஊருக்குத் தெரிஞ்சா எடுத்துட சொல்வாங்க."

"கவலப்படாதம்மா" என்றான் அவன். மனதாரத்தான் சொன்னான். "எல்லா வூட்டையும் பாக்கறப்போ உன் வூட்ட மட்டும் வுட்டா சந்தேகம் வரும். வருவேன். ஆனா இதோ பாரு, இந்த குமிழ அரைச்சுத்து திருப்பிட்டா சத்தம் காதுக்கு எட்டாத ஒசரத்துக்குப் பூடும். கீழ தங்கமலையே இருந்தாலும் ஒண்ணும் கேக்காது. நான் பாத்துக்கறேன்."

அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். பிறகு குடத்தை நிரப்பிக்கொண்டு போனாள்.

(இந்தப் பகுதியை எழுதாமல் விட்டிருந்தால் பாண்டுரங்கன் தப்பித்திருப்பான். மீதிக் கதை இது இல்லாமலும் நிற்கும்: பாவம், அவனுக்கு எப்படித் தெரியும் என்று நீங்களே சொல்லியிருப்பீர்கள். முதல் மூன்று வரைவுகளில் இந்தப் பகுதி இல்லை.)

6

தேடல் ஒன்பது மணிக்குத் தொடங்கியது. ஊரே பின்னால் வந்தது.

மலை மண்ணைப் பற்றிப் பாண்டுரங்கன் யோசித்திருக்கவில்லை. அடிவாரத்துக் கடலைக் கொல்லை மண் சாதுவானது. இங்கே செம்மண்ணிலும் கறுப்புக் கல்லிலும் இரும்புத்தாது கலந்திருந்தது. சுருளைத் தரைக்குக் கொண்டுபோனாலே சுருதி இறங்கியது, தூக்கினால் ஏறியது. உள்ளே ஒன்றுமே இல்லாத இடத்தில்கூட மண்ணே பேசியது. சுருளைத் தரையிலிருந்து ஒரே உயரத்தில், கை நடுங்காமல் நகர்த்த வேண்டியிருந்தது. மேடும் கல்லுமான கொல்லையில் அது எப்படி முடியும்?

ரங்கசாமி வீட்டுக் கொல்லையில் ஏறியதுபோல் கேட்ட இடத்தைத் தோண்டியதில் ஒரு கலப்பைக் கொழு கிடைத்தது. அடுத்த வீட்டில் மாட்டு லாடம். அதற்கடுத்ததில் ஒரு கறுப்புக் கல் மட்டும். ஆறாவது வீட்டில் சீழ்க்கை திடீரென்று துல்லியமாக ஏறியது. அவன் தன்னை மறந்து கத்தினான்:

"வெள்ளிதான்! தோண்டுங்க!"

ஓர் அடி ஆழத்தில் துருப்பிடித்த மண்வெட்டித் தகடு வந்தது.*

கோபால் என்ற கிழவர் அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அம்மன் ரொம்ப இளைச்சிட்டா" என்றார். சனம் முழுக்கச் சிரித்தது. ரங்கசாமியும் வாயைத் துண்டால் மூடிக்கொண்டார்.

அதற்குப் பிறகு யாரும் அவனை நெருங்கி நடக்கவில்லை. பெண்கள் ஒவ்வொருவராகத் திரும்பிப் போனார்கள். "இதுக்கா மலையேத்தி இட்டாந்தாரு?" என்று ஒருத்தி கேட்டது அவன் காதில் விழுந்தது.

ஒன்பதாவது வீடு அம்மாக்கண்ணுவுடையது.

* அகலமான தட்டை இரும்பு இப்படித்தான் ஏமாற்றும். ஆணியோ கம்பியோ என்றால் காந்தப்புலத்தை உள்ளே இழுத்துச் சுருதியை இறக்கிவிடும். தகடாகப் படுத்திருந்தால் அதன் பரப்பில் சுழல் மின்னோட்டம் ஓங்கிவிடும். வெள்ளி மாதிரி நடிக்கும். அந்த மாத இதழுக்கு மிகவும் பயன்பட்டிருக்கக்கூடிய செய்தி.

7

கதையை இங்கே நிறுத்தி அவனுக்காக வாதாடிப் பார்க்கிறேன்.

வெயில் அதிகம். காலையிலிருந்து கேழ்வரகுக் கூழ் மட்டும். எட்டு வீட்டு அவமானம். குமிழைத் திருப்ப மறந்துவிட்டான் என்று எழுதலாமா? மறதி மன்னிக்கக்கூடியது. நீங்களும் நம்புவீர்கள்.

அவன் மறக்கவில்லை. முருங்கைமரம் கண்ணில் பட்டதும் கட்டைவிரல் தானாகவே குமிழுக்குப் போனது. விரல் குமிழின் மேல் இருக்கும்போதே கால் இரண்டடி முன்னே போனது. சீழ்க்கை ஏறத் தொடங்கியது. மண்ணின் இரைச்சலைத் தாண்டி, சுத்தமாக, அகலமாக, காலையிலிருந்து ஒருமுறைகூட வராத சத்தம். சரியாகச் செய்த கருவி மட்டுமே எழுப்பக்கூடிய சத்தம்.

கோபால் கிழவர் பேச்சை நிறுத்தினார். திரும்பிப் போய்க்கொண்டிருந்தவர்கள் நின்றார்கள்.

விரல் குமிழின் மேல்தான் இருந்தது. இரண்டு மூச்சு நேரம். அவன் அதைத் திருப்பவில்லை.

ஏன் என்று கேட்டால் என்னிடம் உள்ள பதில் மிகச் சிறியது. இவ்வளவு தாள் செலவழித்துச் சொல்லக் கூசுகிறது. அவர்கள் மறுபடி அவனைப் பார்த்தார்கள். அதற்காகத்தான்.

8

"இன்னாங்க, ஏறுது?" என்றார் ரங்கசாமி.

இல்லை என்று சொல்லப் பாண்டுரங்கனுக்கு இன்னும் நேரம் இருந்தது. தகடுதான், இரும்புதான், விடுங்கள் என்றால் நம்பியிருப்பார்கள்; ஒருமுறை அப்படி ஆகியும் இருந்தது. அவன் ஆமென்று தலையை ஆட்டினான்.

அம்மாக்கண்ணு வீட்டுக்குள்ளிருந்து ஓடிவந்தாள். முருங்கைமரத்தடியில் உட்கார்ந்து மண்ணின் மேல் இரண்டு கைகளையும் விரித்து வைத்தாள்.

"இங்க ஒண்ணும் இல்ல. வேணாம்."

"இல்லன்னா ஏன்மா தடுக்கற?" ரங்கசாமியின் குரலில் முதன்முறையாகக் கடுமை வந்தது. "என் கொல்லையத் தோண்டறப்போ நான் தடுத்தேனா?"

"மாமா, ஒங்க கால்ல வுயறேன். வேணாம்."

"கோயில பெருக்கனவ இவதான?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. "எனக்கு அப்பவே தெரியும்" என்றது இன்னொன்று.

மங்கம்மாள் என்ற பெண்ணும் இன்னொருத்தியும் அவள் தோளைப் பிடித்துத் தூக்கி விலக்கினார்கள். விலகும்போது அவள் பாண்டுரங்கனைப் பார்த்தாள். அவன் ரேடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மண்வெட்டி நான்கு கொத்து போட்டது. ஐந்தாவதில் பித்தளையின் ஓசை கேட்டது. "நிறுத்து, நிறுத்து, அடி பட்டுடப் போவுது" என்று ரங்கசாமி குழிக்குள் இறங்கி, அம்மன் முகம் என்று நினைத்துப் பயபக்தியோடு கையால் மண்ணைத் தள்ளினார். தட்டின் விளிம்பு தெரிந்தது. தூக்கினார்.

உடனே அதை இருந்தபடியே கவிழ்த்து வைத்துவிட்டார்.

ரேடியோ மட்டும் பேசிக்கொண்டிருந்தது. அதை நிறுத்த வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. சீழ்க்கைக்கு அடியில் ஒரு பெண்குரல் வேளாண் விற்பனைக்கூட விலை நிலவரம் வாசித்தது: மணிலாப் பயறு, எள், புளி.

ரங்கசாமி குழியை விட்டு வெளியே வர ஒருவர் கை கொடுக்க வேண்டியிருந்தது. "சொல்லக் கூடாதாம்மா?" என்றார். "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா..."

"யாருகிட்டயும் சொல்லல மாமா" என்றாள் அம்மாக்கண்ணு.

அப்படித்தான் சொன்னாள். யாரிடமும் சொல்லவில்லை என்று. அவள் ஓடைக்கரையில் அவனிடம் சொன்னதும், அவன் வாக்குக் கொடுத்ததும் அன்று ஊருக்குத் தெரியவில்லை. சொல்லியிருந்தால் அவனை அங்கேயே உரித்திருப்பார்கள். அவள் காட்டிக் கொடுக்கவில்லை. மன்னித்தாளா, அவனைப் பற்றிப் பேசவே அருவருப்பாக இருந்ததா, அல்லது அந்த நேரத்தில் அவன் அவளுக்கு ஒரு பொருட்டாகவே இல்லையா? மூன்றையும் எழுதிப் பார்த்தேன். மூன்றாவதுதான் உண்மையாகப் படுகிறது.

9

அதன் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நீட்டினால் அவன் கஷ்டப்பட்டதுபோல ஆகிவிடும்.

கட்டுப்பாடு கட்டுப்பாடுதான் என்று ஊர் முடிவு செய்தது. அன்று சாயங்காலமே குழந்தையை ஓடைக்கரைக்குக் கொண்டுபோனார்கள். நரி தோண்டாமலிருக்கப் பெரிய பாறைகளை உருட்டி வைத்தார் ரங்கசாமி. அவரால் செய்ய முடிந்தது அது. பாண்டுரங்கன் அதற்கு முன்பே மலையிறங்கியிருந்தான். யாரும் துணைக்கு வரவில்லை.

ஆடி மாதம் மலையிலிருந்து ஒருவர் ரேடியோ ரிப்பேருக்குக் கடைக்கு வந்தார். அவர் சொல்லித் தெரிந்தது: கோயில் கூரைக்குப் புதுப்புல் மாற்றும்போது பழைய புல்லுக்குள் வெள்ளி முகம் இருந்ததாம். யார் வைத்தார்கள் என்று தெரியவில்லையாம். அது மண்ணுக்குள் போகவே இல்லை. பெருக்குகிறவள் எடுத்தாள் என்று சொன்ன வாய்களெல்லாம் அவளைப் போய்ப் பார்க்க நினைத்தபோது வீடு பூட்டியிருந்ததாம். புருஷனோடு குடகுக்குப் போய்விட்டாளாம்.

பாண்டுரங்கன் சுருளைப் பிரித்துக் கம்பியை ஒரு மோட்டாருக்குச் சுற்றிவிட்டான்.

வேறு முடிவுகளும் எழுதினேன். ஒன்றில் அவன் குமிழைத் திருப்புகிறான், "இங்க ஒண்ணும் இல்லைங்க" என்கிறான், சனம் சிரிக்கிறது, தலை குனிந்து மலையிறங்குகிறான். அருமையான முடிவு. அந்த அவமானத்தை நினைத்தால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது. இன்னொன்றில் அவன் குடகுக்கே போய், காப்பித் தோட்டத்து லைன் வீட்டு வாசலில் நின்று, அவள் காலில்— அடித்துவிட்டேன். அவன் குடகுக்குப் போனதில்லை. பஸ் எங்கே மாற வேண்டும் என்று விசாரித்ததுகூட இல்லை.

10

'அவன்' இதற்கு மேல் உதவமாட்டான். இந்தக் கடைசி விஷயத்தில் எந்தக் கருவியும் இல்லை, ஊரும் இல்லை. நானேதான்.

இரண்டு வருடத்துக்கு முன், ஒரு சாமான் வாங்க ஒடுகத்தூருக்குப் போயிருந்தேன். மத்தியானம் பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தபோது பக்கத்தில் ஒரு குரல்:

"அண்ணா, மல பஸ்சு பூடுச்சா?"

திரும்பினேன். அம்மாக்கண்ணு. கொஞ்சம் சதை போட்டிருந்தாள். இடுப்பில் ஒன்றரை வயதுப் பெண் குழந்தை. அவள் கழுத்து மணியை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தது.

"இன்னும் இல்லம்மா" என்றேன். "பத்து நிமிசம் கீது."

"சரிங்க" என்று நிழலுக்கு நகர்ந்து நின்றாள்.

என்னை அடையாளம் தெரியாமல் கேட்டாளா, தெரிந்தே கேட்டாளா, அவள் முகத்திலிருந்து எனக்குத் தெரியவில்லை. அந்தப் பத்து நிமிடத்தில் நான் தொடங்கிய வாக்கியங்கள்:

'அம்மா, நான்தான் அந்த—'

'அன்னிக்கு நான் வேணும்னே—'

'மன்னிக்கச் சொல்லிக் கேக்கல, ஆனா—'

'பாப்பா பேரு இன்னாம்மா?'

கடைசி வாக்கியம் உதடு வரை வந்தது. பஸ் வந்தது. அவள் ஏறி, குழந்தையை ஜன்னலோரம் உட்காரவைத்தாள்.

பஸ் புறப்பட இன்னும் நேரம் இருந்தது. டிரைவர் டீ குடிக்க இறங்கினார். அந்தக் காட்சியை இத்துடன் நிறுத்தி, பஸ்ஸை அங்கேயே நிற்க வைத்திருக்கிறேன். அவள் ஜன்னலோரம் இருக்கிறாள், கண்ணாடி இறக்கியிருக்கிறது, நான் நாலடி தள்ளி நிற்கிறேன். இதுவரை படித்தவர்களுக்கு என்னைப் பற்றி எல்லாம் தெரியும். அவளைத் தவிர அது தெரிந்தவர்கள் நீங்கள் மட்டும்தான். போய்ப் பேசு என்று என்னைத் தள்ளுவீர்களோ, அவளை நிம்மதியாகப் போகவிடு என்று இழுத்துப் பிடிப்பீர்களோ, எனக்குத் தெரியாது.

டிரைவர் டீ கிளாஸைக் கீழே வைக்கிறார். சொல்லுங்கள்.